ரேக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: வேலூரில் ஓராண்டு நெட்வொர்க்கிங் டிப்ளமோ

வேலூர் சமுதாயக் கல்லூரி ஒன்றின் ஓராண்டு கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் டிப்ளமோவுக்கு ஐந்துக்கு மூன்றரை. கேபிளிங் லேபை மட்டும் தனியாக எடுத்தால் நாலரை தரலாம். சுவிட்ச் லேபுக்கு நான்கு, சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கின் முகவரிகளைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பது) வகுப்புக்கு இரண்டு, ஃபைபருக்கு (ஒளி போகும் கண்ணாடி இழைக் கேபிள்) ஒன்று. அந்த ஒன்றும் சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்காகத்தான். கல்லூரியின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். சேரப் போகிறவருக்குப் பெயரைவிட எதைப் பார்த்து எடை போடுவது என்பதுதான் உதவும். காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ குடியாத்தத்திலோ இதே மாதிரி படிப்பில் சேர நினைப்பவரும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு இந்தியாவில் 1995-இல் புதுச்சேரியில் தொடங்கியது. பள்ளியோடு நின்றவர்களுக்கும் கல்லூரிக்குப் போக வழியில்லாதவர்களுக்கும் கைக்கு ஒரு தொழில் கொடுப்பது அதன் நோக்கம். அதனால் பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், வயது தடையில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில் ஆனவர் தயங்க வேண்டியதில்லை. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், கடைசியில் களப்பயிற்சி என்று பாடத்திட்டம் பிரிந்திருக்கிறது. வாழ்க்கைத் திறன் வகுப்பைப் பையன்கள் கட் அடிக்கிறார்கள். அதில் வாடிக்கையாளரோடு போனில் பேசிப் பழகும் பகுதி மட்டும் வீணில்லை. ‘நெட் வரலை’ என்று கத்துகிறவரிடம் ரவுட்டரில் எந்த விளக்கு சிவப்பாக எரிகிறது என்று பொறுமையாகக் கேட்டு வாங்குவதும் இந்தத் தொழிலில் ஒரு திறன்.

ஒன்றைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இது மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு ஈடாகாது. இதை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியாது. ‘டிப்ளமோ’ கேட்கும் அரசு வேலைக்கும் செல்லும் என்று நம்பி இருக்காதீர்கள். சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது வாரியத்தின் முத்திரை விழும் என்று அட்மிஷன் மேசையிலேயே கேட்டு, போன வருடத்து மாதிரி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி படிப்புக்கு வருவோம். நெட்வொர்க்கின் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்கு, டேட்டா அனுப்பும் விதிமுறைகளான டிசிபி-க்கும் யுடிபி-க்கும் வித்தியாசம், ஐபி முகவரி எப்படி இருக்கும் என்பதெல்லாம் வீட்டில் இருந்தபடியே இலவசமாகக் கற்கக்கூடியவை. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் பேக்கெட் டிரேசர் மென்பொருளும் (திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்க உதவுவது) இலவசம். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் ஓடும். ஆகவே கல்லூரிக்குக் கட்டும் பணம் முழுவதும் வீட்டில் இல்லாத பொருட்களுக்குத்தான்: கேபிள் பெட்டி, பேட்ச் பேனல் (சுவர்க் கேபிள்கள் வந்து முடியும் பலகை), நிஜ சுவிட்ச் (ஓர் இடத்துக் கம்ப்யூட்டர்களை இணைப்பது), நிஜ ரவுட்டர் (ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றோடு இணைப்பது), தப்பு செய்தால் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். அட்மிஷனுக்குப் போகும்போது வகுப்பறையைச் சுற்றிக் காட்டுவார்கள். லேபுக்குப் போய் ரேக்கை, அதாவது இந்தக் கருவிகளை அடுக்கிய அலமாரியை, திறக்கச் சொல்லுங்கள். உள்ளே சுவிட்சுகள் பவரில் இருக்கின்றனவா, கன்சோல் கேபிள் (கருவிக்குக் கட்டளை கொடுக்க லேப்டாப்பை இணைப்பது) தொங்குகிறதா, தரையில் வெட்டிப்போட்ட கேபிள் துண்டுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். துண்டு கிடந்தால் நல்ல லேப். பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று இருந்தால் அது இன்ஸ்பெக்‌ஷனுக்காக வைத்தது.

கேபிளிங்

இந்தக் கல்லூரியின் பலம் இதுதான். முதல் பருவத்தில் ஆளுக்கு ஒரு கிரிம்பிங் டூல் (கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கருவி) தருகிறார்கள், கனெக்டரை எண்ணிக் கொடுப்பதில்லை, கேபிளைக் கஞ்சத்தனமாக வெட்டுவதில்லை. 305 மீட்டர் பெட்டி தீர்ந்தால் இன்னொன்று வருகிறது. இதை அற்பமாக நினைக்க வேண்டாம். கனெக்டர் போடுவது முழுக்க முழுக்க விரல் பழக்கம்.

சொல்லித்தருவது டி568பி என்ற கம்பி நிற வரிசை. கனெக்டரின் பித்தளைப் பற்கள் நம்மைப் பார்த்து, கிளிப் பின்பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மேலுறையை ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உரித்து, முறுக்கைப் பிரித்து, கம்பிகளை விரலால் தேய்த்து நேராக்கி, வரிசையில் வைத்து, அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். முறுக்குப் பிரிந்த பகுதி 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. உள்ளே தள்ளியபின் எட்டுக் கம்பியின் முனையும் கனெக்டரின் மூக்கில் முட்டுவது தெரியணும். மேலுறையும் கனெக்டருக்குள் போய் அந்த முக்கோணப் பல்லின் கீழே மாட்டிக்கொள்ளணும். மேலுறை வெளியே நின்றுவிட்டால், இழுக்கிற ஒவ்வொரு முறையும் பாரம் கம்பிகளின் மேல் விழும். இன்று வேலை செய்யும். மேசையை ஒருநாள் நகர்த்தினால் போச்சு.

புதியவர் செய்யும் தவறுகளில் மோசமானது, டெஸ்டர் சரி என்று சொல்கிற தவறு. நிறம் மறந்துபோனால் ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள்: ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு. இரண்டு முனையிலும் அப்படியே போட்டால் டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு ஒழுங்காக வரிசையில் எரியும். ஆனால் ஈதர்நெட் 3-ஆம் முள்ளையும் 6-ஆம் முள்ளையும் ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. இந்தக் கேபிளில் 3-இல் வெள்ளை-பச்சையும் 6-இல் நீலமும் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டவை அல்ல. முறுக்கு இல்லாததால் இரைச்சல் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். ஒன்றரை மீட்டர் பேட்ச் கார்டில் இது தெரியாமலே போகலாம். நாற்பது மீட்டர் இழுத்தபின் ஜிகாபிட் வேகம் நிற்காது, கோப்பு அனுப்பினால் ஊரும், சுவிட்ச் போர்ட்டில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த டேட்டாவின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகும். விளக்கு டெஸ்டர் இதைப் பிடிக்காது. நல்ல கேபிள் அனலைசர் பிடிக்கும். அது இந்தக் கல்லூரியில் இல்லை, விலையைப் பார்த்தால் குறை சொல்லவும் முடியாது. அதற்குப் பதிலாக ஆசிரியர் செய்வது நன்று: தவறாகப் போட்ட கேபிளை வேண்டுமென்றே கலந்து வைத்து, டெஸ்டர் இல்லாமல் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்.

கேபிளை அடையாளம் காணவும் ஒரு வகுப்பு உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கும் பல பெட்டிகள் தாமிரம் பூசிய அலுமினியம். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்னும்; பெட்டியைத் தூக்கினாலே எடை குறைவு தெரியும். தாமிரத்தைவிட அலுமினியத்துக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். டேட்டா மட்டும் போகிற சிறு தூரத்தில் சமாளித்துவிடும். அதிலேயே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பும்போதுதான் (இதற்குப் பெயர் பிஓஇ) மாட்டிக்கொள்வோம். எழுபது மீட்டர் தள்ளி கேட்டில் மாட்டிய பிஓஇ கேமரா பகலெல்லாம் நன்றாக ஓடும். இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பித்து மின்சாரம் கூடுதலாக இழுக்கும். வோல்டேஜ் விழுந்து கேமரா ரீபூட் ஆகும், மறுபடி ஏறும், மறுபடி விழும். கேமராவை மாற்றிப் பார்ப்பார்கள், என்விஆரை (வீடியோ பதிவுப் பெட்டியை) மாற்றிப் பார்ப்பார்கள். குற்றவாளி கேபிள்.

பேட்ச் பேனலில் கம்பியை அழுத்திப் பதிக்கும் பஞ்ச் டவுன் டூலில் வெட்டும் கத்திப் பக்கம் வெளிப்பக்கமாக இருக்கணும். திருப்பிப் பிடித்தால் போய்ச்சேர வேண்டிய கம்பியே அறுந்துவிடும். பேட்ச் பேனலிலிருந்து சுவர் ஜாக் வரை 90 மீட்டர், இரு முனைப் பேட்ச் கார்டுகளுக்கும் சேர்த்து 10, மொத்தம் 100 என்ற கணக்கைப் பலகையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். லேபிள் ஒட்டும் பழக்கத்தை மட்டும் வலியுறுத்துவதில்லை. இருபத்து நாலு நீலக் கேபிள் ஒன்றாகத் தொங்கும் ரேக்கில் லேபிள் இல்லாதது என்ன பாடு படுத்தும் என்று களப்பயிற்சியில்தான் தெரிகிறது.

ஒரு குறை: கிராஸ்ஓவர் கேபிளுக்கு (இரு முனையிலும் கம்பி வரிசை மாறியிருப்பது; முன்பு சுவிட்சுக்குச் சுவிட்ச் இணைக்கத் தேவைப்பட்டது) ஒரு வாரத்துக்கு மேல் செலவழிக்கிறார்கள். இன்றைய சுவிட்சுகள் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் உள்ளவை. எந்தக் கேபிளைச் செருகினாலும் தானே சரிசெய்துகொள்ளும். ஒரு மணி நேரம் போதும்.

சுவிட்சும் ரவுட்டரும்

ரேக்கில் இருப்பவை செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேட்டலிஸ்ட் 2960 வரிசை சுவிட்சுகளும் சில பழைய ரவுட்டர்களும். பழசு என்று முகம் சுளிக்க வேண்டாம். விலான் (ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு), ஸ்பேனிங் ட்ரீ (இணைப்பு வட்டமாகிவிட்டால் ஒரு போர்ட்டை அடைப்பது), போர்ட் செக்யூரிட்டி (தெரியாத கருவியைப் போர்ட்டில் தடுப்பது) எல்லாம் இவற்றில் கற்கலாம். கேட்க வேண்டியது எத்தனை பேருக்கு ஒரு ரேக் என்பதைத்தான். நான்கு பேருக்கு மேல் போனால் ஒருவர் டைப் அடிப்பார், மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். குழுவுக்கு மூன்று சுவிட்சாவது இருந்தால்தான் முக்கோணமாக இணைத்து எந்தப் போர்ட் அடைபடுகிறது என்று பார்க்க முடியும். இங்கே குழுவுக்கு மூன்று தருகிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்.

முதல் நாள் கன்சோலில் நுழைவதிலேயே பாதிப்பேர் தடுமாறுகிறார்கள். புட்டி என்ற மென்பொருளில் சீரியல், 9600 வேகம், 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. திரையில் கிறுக்கல் எழுத்து வந்தால் வேகம் தவறு. திரையில் எழுத்து வருகிறது, ஆனால் நாம் அடிப்பது போகவில்லை என்றால் ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ‘கோட் 10’ என்று வந்தால் யுஎஸ்பி கேபிளில் இருப்பது போலி அல்லது பழைய பிஎல்2303 சிப். புதிய டிரைவர் அதை ஏற்காது. எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் உள்ளதாகச் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வேலையிலும் அதுவே உதவும்.

லேபில் ஓயாமல் நேரம் தின்னும் சிக்கல் முந்தைய பேட்ச் விட்டுப்போன கான்ஃபிக், அதாவது கருவியில் சேமித்த அமைப்புகள்தான். சுவிட்சைச் சுத்தம் செய்கிறேன் என்று ‘ரைட் இரேஸ்’ கொடுத்து ‘ரீலோட்’ போடுவார்கள். பெயர் ‘சுவிட்ச்’ என்று மாறிவிடும், பாஸ்வேர்டு போய்விடும், சுத்தமாகிவிட்டது என்று நினைப்பார்கள். ‘ஷோ விலான்’ அடித்தால் போன மாதத்து 10, 20, 30 எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். விலான் விவரங்கள் ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கில் (கருவி எழும்போது படிப்பது) இல்லை. ஃபிளாஷில் ‘விலான் டாட் டேட்’ என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன. அதைத் தனியாக ‘டெலிட்’ செய்துவிட்டுத்தான் ரீலோட் போடணும். நடுவில் ‘கான்ஃபிகரேஷனைச் சேமிக்கட்டுமா’ என்று கேட்டால் ‘நோ’. இதே கோப்பில்தான் விடிபி (விலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்கிடையே பரப்பும் ஏற்பாடு) டொமைன் பெயரும் ரிவிஷன் எண்ணும் இருக்கின்றன. ரிவிஷன் எண் கூடுதலாக உள்ள பழைய சுவிட்சைக் கொண்டுபோய் அதே டொமைன் பெயருள்ள நெட்வொர்க்கின் டிரங்கில் செருகினால், அதன் விலான் பட்டியல் மற்ற எல்லாச் சுவிட்சுக்கும் பரவி அங்கே இருந்ததை அழித்துவிடும். லேபில் நடந்தால் சிரிப்பு. ஆஸ்பத்திரியிலோ தொழிற்சாலையிலோ நடந்தால் வேலை போகும். ஆசிரியர் இதைச் செய்துகாட்டுகிறார், நாலு மதிப்பெண் அதற்காகத்தான்.

பாஸ்வேர்டு ரெகவரியும் ஒழுங்காகச் செய்ய வைக்கிறார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டு முதல் நிமிடத்துக்குள் பிரேக் சிக்னல் அனுப்ப வேண்டும். இன்றைய லேப்டாப்பில் பிரேக் விசையே கிடையாது; புட்டியின் ஜன்னல் மெனுவில் ‘ஸ்பெஷல் கமாண்ட்’ என்பதற்குள் இருக்கிறது. ராம்மான் (ரவுட்டரின் அவசரத் திரை) வந்ததும் ரெஜிஸ்டரை (எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண்) ஹெக்ஸ் 2142 ஆக்கி ரீசெட் போட்டால் சேமித்த கான்ஃபிக்கைப் படிக்காமல் ரவுட்டர் எழும். ஸ்டார்ட்டப்பை ரன்னிங்குக்கு (இப்போது ஓடும் கான்ஃபிக்) காப்பி செய்து, புதுப் பாஸ்வேர்டு கொடுத்து, ரெஜிஸ்டரை மறக்காமல் 2102-க்குத் திருப்பி, சேமிக்க வேண்டும். இரண்டு இடத்தில் வழுக்கும். இன்டர்ஃபேஸ்கள் ஷட்டவுனில் இருக்கும், ஒவ்வொன்றாக ‘நோ ஷட்’ கொடுக்கணும். 2102-ஐ மறந்தால் அப்போதைக்கு எல்லாம் சரியாக ஓடும். அடுத்த கரன்ட் கட்டில் ரவுட்டர் வெறுமையாக எழுந்து நிற்கும்.

கரன்ட் கட் என்றதும் ஒன்று. இந்த லேபின் யுபிஎஸ் பேட்டரி செத்து நாளாகிறது. கல்லூரிக்கு இது வெட்கம்தான். ஆனால் ‘காப்பி ரன் ஸ்டார்ட்’ அடித்துச் சேமிக்கும் பழக்கம் இங்கே படித்தவர்களுக்கு வேறெங்கும் படித்தவர்களைவிட ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஸ்பேனிங் ட்ரீ பாடத்தில் பக்கத்திலிருந்து பார்க்கும்படியான ஒரு விஷயம் உண்டு. கம்ப்யூட்டரைச் சுவிட்சில் செருகியதும் போர்ட்டின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும். பையன் உடனே கேபிளைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகுவான். அங்கேயும் ஆரஞ்சு. கனெக்டர் சரியில்லை என்று வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட ஆரம்பிப்பான். உண்மையில் போர்ட் 15 விநாடி கேட்கிறது, 15 விநாடி கற்கிறது. முப்பதாவது விநாடியில் தானே பச்சையாகும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அங்கே வேலை. அந்த அரை நிமிடத்தில் கம்ப்யூட்டர், முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யிடம் கேட்டுக் கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளவும் கூடும். கம்ப்யூட்டர் மட்டும் செருகும் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடச் சொல்வது இதற்காக. சுவிட்சுக்குச் சுவிட்ச் போகும் போர்ட்டில் அதைப் போட்டால், லூப் ஏற்பட்ட கணத்தில் தடுக்க ஆளிருக்காது. எல்லா விளக்கும் வெறிபிடித்தாற்போல் ஒன்றாகச் சிமிட்டும்.

ரவுட்டிங் பகுதியில் பாடத்திட்டம் பழசு. ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பழைய முறையான ஆர்ஐபி-க்கு வாரக்கணக்கில் போகிறது. இன்றைய சிசிஎன்ஏ (சிஸ்கோ தரும் சான்றிதழ்) தேர்வுப் பட்டியலில் அது இல்லவே இல்லை. அந்த நேரத்தை அதே வேலையைச் செய்யும் ஓஎஸ்பிஎஃப்-க்குத் தந்திருக்கலாம். பக்கத்து ரவுட்டர் ஏன் சேரவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் ஓஎஸ்பிஎஃப் கற்பதன் பயன் இருக்கிறது: ஏரியா எண் ஒத்துப்போகிறதா, ஹலோ (அடையாளச் செய்தி அனுப்பும் இடைவெளி) 10, டெட் (செய்தி வராவிட்டால் கைவிடும் நேரம்) 40 விநாடி என்பதை யாராவது ஒரு பக்கம் மாற்றினார்களா, சப்நெட் மாஸ்க் ஒன்றா, எம்டியு (ஒரு பேக்கெட்டின் அதிகபட்ச அளவு) வேறுபட்டு எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையில் தொங்குகிறதா. இதை இங்கே மேலோட்டமாகத்தான் தொடுகிறார்கள். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் பாதுகாப்பாக நுழைவது) வகுப்பில் ‘கிரிப்டோ’ கட்டளையே ஏற்கவில்லை என்று மாணவர்கள் குழம்புகிறார்கள். ‘ஷோ வெர்ஷன்’ அடித்து ஐஓஎஸ் (ரவுட்டரின் இயங்குதளம்) கோப்பின் பெயரில் மறையாக்க வசதியைக் குறிக்கும் கே9 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ரவுட்டரில் எத்தனை முறை அடித்தாலும் வராது.

சப்நெட்டிங்

இரண்டு மதிப்பெண் ஏன் என்று சொல்லணும். வகுப்பில் ஒவ்வொரு கணக்கையும் எட்டு எட்டு பிட்டாக (0, 1 என்று) எழுதி, அண்ட் செய்து, திருப்பி மாற்றுகிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்கு அது வேண்டும். அதன்பின்னும் அப்படியே ஓட்டினால் தேர்வில் ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் போகும், வேலையில் மேஸ்திரி போனில் காத்திருக்க மாட்டார். மாஸ்க்கின் (முகவரியில் நெட்வொர்க் பகுதி எது என்று காட்டுவது) கடைசி எண்ணை 256-இலிருந்து கழித்தால் தொகுதியின் அளவு கிடைக்கும்: 192 என்றால் 64, 224 என்றால் 32, 240 என்றால் 16. அந்த மடங்குகளில்தான் நெட்வொர்க் தொடங்கும். இவ்வளவுதான் விஷயம்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை, கையில் 192.168.10.0/24 (மொத்தம் 256 முகவரி) என்று வைத்துக்கொள்வோம். ஆபீசுக்கு 50, ஸ்டோருக்கு 25, கேமராவுக்கு 10, இரண்டு ரவுட்டருக்கு இடையே 2 முகவரி வேண்டும். பெரியதிலிருந்து தொடங்கணும். ஆபீசுக்கு /26 (மாஸ்க்கின் கடைசி எண் 192), அது 0 முதல் 63 வரை, முதலும் கடைசியும் போகப் பயன்படுபவை 62. ஸ்டோருக்கு /27, 64 முதல் 95 வரை, 30. கேமராவுக்கு /28, 96 முதல் 111 வரை, 14. ரவுட்டர் இணைப்புக்கு /30, 112 முதல் 115 வரை, 2. மீதி 116 முதல் காலி. சிறியதிலிருந்து தொடங்குகிறவர் /30-க்கு 0 முதல் 3 வரை கொடுத்துவிட்டு, அடுத்த /28-ஐ 4-இல் ஆரம்பிப்பார். 4 என்பது 16-இன் மடங்கு அல்ல. அந்த முகவரி 0 முதல் 15 வரையுள்ள தொகுதிக்குள்தான் விழும். ரவுட்டர் ‘ஓவர்லேப்ஸ்’ என்று சொல்லி மறுக்கும். இந்தப் பிழைச் செய்தியை லேபில் ஒருதரம் வரவழைத்துக் காட்டியிருந்தால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். தினமும் பத்துக் கணக்கு, கடிகாரம் வைத்து, ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குள் என்று சொந்தமாகப் பழகிக்கொள்ளுங்கள். வகுப்பை நம்ப வேண்டாம்.

வயர்லெஸ்ஸும் கேமராவும் அவசரமாக முடிகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர மற்ற சேனலைத் தொடாதீர்கள், பிஓஇ-யில் சாதாரண வகை போர்ட்டுக்கு 15.4 வாட், பிளஸ் வகை 30 வாட் என்பதோடு சரி.

ஃபைபர்தான் பெரிய ஏமாற்றம். கேபிள் டிவி நடத்தியவர்களே இன்று ஃபைபர் இணைப்பு கொடுக்கிறார்கள். இந்தப் படிப்பை முடிப்பவருக்கு உள்ளூரில் கிடைக்கக்கூடிய முதல் வேலைகளில் ஒன்று அது. கல்லூரியிலோ ஸ்பிளைசிங் மெஷின் (இழைகளை உருக்கி ஒட்டுவது) இல்லை, பவர் மீட்டரும் (ஒளியை அளப்பது) இல்லை. படத்தில் சிங்கிள் மோடு, மல்டி மோடு என்று இழை வகைகளை வரைந்து முடித்துவிட்டார்கள். குறைந்தது ஒரு கணக்காவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆபரேட்டரின் கருவியான ஓஎல்டி-யிலிருந்து +3 டிபிஎம் (ஒளித் திறனின் அளவு) கிளம்புகிறது. ஒளியை எட்டாகப் பிரிக்கும் 1:8 ஸ்பிளிட்டர் ஒன்றுக்கு சுமார் 10.5 டெசிபல் வீதம் இரண்டுக்கு 21 போகும். ஐந்து கிலோமீட்டர் கேபிளுக்கு ஒன்றேகால், இணைப்புகளுக்கு ஒன்றரை. வீட்டில் 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்துப் பார்த்தால் மைனஸ் 21-ஐ ஒட்டி வரணும். வீட்டில் மாட்டும் கருவியான ஓஎன்டி வழக்கமாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையில் வேலை செய்யும். மைனஸ் 26 காட்டினால் இன்று ஓடும், மழையில் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் போனால் நிற்கும். பச்சை கனெக்டரின் முகம் சாய்வாகத் தேய்த்தது, நீலத்தின் முகம் அப்படியில்லை; இரண்டையும் ஒன்றாகச் செருகினால் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். இதையெல்லாம் கற்க ஒரே வழி, விடுமுறையில் தெரு ஆபரேட்டர் ஒருவரிடம் ஹெல்பராகப் போவது. வெட்டி விழும் கண்ணாடித் துணுக்கை ஒரு டப்பாவில் போடுகிறாரா என்று முதல் நாளே பாருங்கள். போடாதவரிடம் தொழில் கற்காதீர்கள். காலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது.

தேர்வும் வேலையும்

டிப்ளமோ முடித்தால் சிசிஎன்ஏ முடித்தமாதிரி என்று அட்மிஷனில் சொல்கிறார்கள். அப்படி இல்லை. சிசிஎன்ஏ என்பது 200-301 என்ற தனித் தேர்வு. 120 நிமிடம், கட்டணம் 300 டாலரும் வரியும். டாலர் மதிப்பைப் பொறுத்து முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். மூன்றாண்டுக்குத்தான் செல்லும். அதில் ஐபி இணைப்புப் பகுதிக்கு 25 சதவீதம், அடிப்படைக்கும் சுவிட்சிங்குக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கு 10, ஆட்டோமேஷனுக்கு 10. இந்தக் கடைசிப் பத்து இந்தக் கல்லூரியின் பாடத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்லூரி சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியாகப் பதிவு பெற்றிருக்கிறதா, அகாடமியின் மூன்று சிசிஎன்ஏ பாடங்களுக்கும் உங்கள் பெயரில் லாகின் தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் மாலையில் வீட்டில் படித்து இந்த இடைவெளியை அடைக்கலாம்.

வேலை விஷயத்தில் நோட்டீஸில் அச்சிட்ட ‘100 சதவீதம்’ என்பதை மறந்துவிடுங்கள். இந்த வட்டாரத்தில் வாய்ப்பு இல்லாமல் இல்லை: வேலூரின் ஆஸ்பத்திரிகள், கல்லூரி வளாகங்கள், ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி தோல், செருப்புத் தொழிற்சாலைகள், சிசிடிவி கடைகள், கேபிள் ஆபரேட்டர்கள். முதலில் கிடைப்பது ஃபீல்டு வேலை. பைக்கும் லைசென்ஸும் இல்லாமல் யாரும் எடுக்க மாட்டார்கள். சம்பளத்தைப் பேசும்போது பெட்ரோல் காசு உள்ளேயா வெளியேயா என்று தனியாகக் கேளுங்கள். வாலாஜாவுக்கும் குடியாத்தத்துக்கும் ஒரே நாளில் ஓடுகிறவருக்கு இந்தக் கேள்விதான் சம்பளம். களப்பயிற்சியைக் கல்லூரி பார்த்துத் தரும் இடத்தில் செய்வதைவிட, நிஜ ரேக் உள்ள இடத்தை நீங்களே பிடித்துக் கடிதம் வாங்கிப்போவது மேல். சிலரைக் களப்பயிற்சி என்ற பெயரில் பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் எடுக்க உட்கார வைத்திருக்கிறார்கள்.

மே மாத மதிய பேட்சில் சேராதீர்கள். லேபில் ஏசி, சுவிட்சுகளுக்கு மட்டும் என்று ஒரு மூலையைப் பார்த்து வீசுகிறது.

சேர்ந்ததும் வாங்க வேண்டியவை அதிகமில்லை. கிரிம்பிங் டூல் ராட்செட் உள்ளதாக இருக்கட்டும். முழுக்க அழுத்தும்வரை விடாது, அரைகுறை கிரிம்ப் விழாது. கேட்6 கேபிளுக்குக் கேட்6 கனெக்டரே வாங்குங்கள், கம்பி தடிமன் கூடுதலாக இருக்கும், கேட்5இ கனெக்டரில் திணறும். சொந்த யுஎஸ்பி கன்சோல் கேபிள் ஒன்று, நல்ல ஸ்டிரிப்பர் ஒன்று, சாதாரண விளக்கு டெஸ்டர் ஒன்று. டெஸ்டருக்கு 9 வோல்ட் பேட்டரியைத் தனியாக வாங்கிவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வார், இருக்காது.